ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடும்போது நான் கேட்ட கேள்விகள்

எங்கள் மகள் படிப்பது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில். அங்கே ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்த்தே ஆக வேண்டும். திருச்சியில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமே இல்லை. நூறு வருஷம் தாண்டிய உதவி பெறும் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள், மெட்ரிக், சி.பி.எஸ்.இ., ஊருக்கு வெளியே நான்கு வழிச்சாலை ஓரம் புதிதாக முளைத்த 'இன்டர்நேஷனல்' என்று எல்லாம் உண்டு. ஆனால் யாரிடம் விசாரித்தாலும் பள்ளியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், உங்கள் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. இந்தப் பதிவை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

'நல்ல ஸ்கூல்' என்று நம் ஊரில் சொன்னால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூறுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு வாங்கிய பிள்ளையின் படம் பிளக்ஸில் இருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே போனாலும் வாங்கியிருக்கும். பல இடங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பதினோராம் வகுப்பில் கட்டணம் குறைத்து வெளியிலிருந்து கூட்டி வருகிறார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். ஆறாம் வகுப்பில் சேரப் போகிற பத்து வயதுக் குழந்தைக்கு அந்தப் பிளக்ஸ் எதையுமே சொல்லாது. வகுப்பில் நடுவாந்திரமாக இருக்கிற, அறுபது எழுபது மார்க் எடுக்கிற பிள்ளைக்கு அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள், என் மகளும் அங்கேதான் இருக்கிறாள்.

பள்ளி பார்க்கக் கிளம்பும் முன் அவளுடைய ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். பெற்றோர்கள் இதைச் செய்வதே இல்லை, ஏன் என்றுதான் தெரியவில்லை, வருஷம் முழுக்கத் தினமும் ஆறு மணி நேரம் நம் பிள்ளையைப் பார்க்கிறவர் அவர்தானே. "இவ காதால கேட்டா டக்குனு புரிஞ்சுக்குவா. வாயால கேட்டா சொல்லிடுவா. எழுதத்தான் நேரமாகும். அதட்டினா அன்னைக்கு முழுசா மூடிக்குவா" என்றார். இந்த நான்கு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் எல்லாப் பள்ளிக்கும் போனேன். எழுத நேரம் கொடுக்கிற பள்ளி, வாய்மொழியாகவும் கேட்கிற பள்ளி, அதட்டாத பள்ளி. மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் எல்லாரும் கேட்பது, ஸ்டேட் போர்டா சி.பி.எஸ்.இ.யா என்று. வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில் இதற்காக ஒரு பெரிய விவாதமே நடந்தது. அதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, 'மெட்ரிக்' என்பது இன்னும் தனிப் பாடத்திட்டம் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருப்பது. ஒரு காலத்தில் அப்படித்தான். மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு இருந்தன. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 ஆகஸ்ட்டில் தீர்ப்பாகி, பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம் ஆனது. இன்றைக்கு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் அறிவியல் புத்தகமும் மாநகராட்சிப் பள்ளியின் ஆங்கில வழிப் பிள்ளை படிக்கும் புத்தகமும் ஒன்றேதான். ஆகவே மெட்ரிக்குக்குப் பணம் கட்டுகிறவர்கள் பாடத்துக்காகக் கட்டவில்லை. கட்டடத்துக்கும், வேனுக்கும், கவனிப்பு என்று நாம் நம்புகிற ஒன்றுக்கும் கட்டுகிறோம். கவனிப்பு உண்மையிலேயே இருந்தால் சரி, இருக்கிறதா என்று பார்த்துக் கட்ட வேண்டும்.

சி.பி.எஸ்.இ. பற்றி எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. மாற்றலாகிற வேலையில் இருப்பவர்களுக்கு அது பெரிய வசதி, திருவெறும்பூர் பக்கம் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலைக் குடும்பங்களில் அதனால்தான் சேர்க்கிறார்கள். நீட், ஜே.இ.இ. இரண்டுக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் அடிப்படை என்பதும் உண்மை. ஆனால் நம் மாநிலப் புத்தகங்களும் 2018இல் இருந்து படிப்படியாக மாற்றி எழுதப்பட்டவை. என் மைத்துனர் மகனின் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், லேசான புத்தகம் என்று யாரும் சொல்ல முடியாது. பொறியியலுக்கு நம் மாநிலத்தில் 2007இல் இருந்தே நுழைவுத் தேர்வு கிடையாது, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூறுக்குக் கட்-ஆஃப் போட்டுத்தான் கலந்தாய்வு. பிள்ளை என்னவாகப் போகிறாள் என்றே தெரியாதபோது நீட்டை வைத்து ஆறாம் வகுப்பில் போர்டு முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்றும் உண்டு. பல சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை மூன்றாவது மொழி ஒன்று சேர்ந்து வரும். எழுதுவதில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்கு மூன்றாவதாக ஓர் எழுத்துமுறை என்பது எங்களுக்கு யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. அதையே ஆசையாகப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நன்மை.

'பவுண்டேஷன்' என்று சொல்லி ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி., நீட் பயிற்சி நடத்தும் பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நாங்கள் பார்த்த ஒன்றில் காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஐந்தரை வரை, சனிக்கிழமையும் உண்டு. விளையாட்டு பீரியட் எப்போது என்று கேட்டேன், "அதெல்லாம் ஆண்டு விழாவுக்கு முன்னாடி வைப்போம்" என்றார்கள். பத்து வயதுக் குழந்தை அவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அந்த வயதில் கணக்கு ஏன் அப்படி வருகிறது என்று கேட்டுக் கேட்டுப் படித்த பிள்ளை பதினாறு வயதில் பயிற்சிக்குப் போனால் போதும், பிடித்துக்கொள்ளும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் எண்ணம் இது, உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இடைவேளையில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அரசுப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தால் சிலருடைய முடிவே மாறலாம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது, அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதற்கு நிபந்தனை என்ன தெரியுமா? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாறினால் வராது, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் இலவசமாக ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. உதவி பெறும் பள்ளி, அதாவது நாம் எய்டட் என்று சொல்வது, இதில் சேராது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் சேரும். ஆக, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் பெற்றோர் இந்த மே மாதத்தில் எடுக்கிற முடிவு ஏழு வருஷம் கழித்து கலந்தாய்வில் வந்து நிற்கும். பெண் பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றுதான் தொடங்கியது. பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்திருக்கிறார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

சலுகைக்காக மட்டும் பள்ளி தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர் அருமையானவர், பயிற்சி பெற்றவர், பல வருஷமாக அங்கேயே இருக்கிறார். ஆனால் அது எட்டாம் வகுப்போடு நிற்கும் நடுநிலைப் பள்ளி, ஒன்பதுக்குத் திரும்பவும் பள்ளி மாற வேண்டும். புது இடத்தில் பழகுவதற்கு என் மகள் ரொம்ப நாள் எடுத்துக்கொள்பவள். அது மட்டும் பன்னிரண்டு வரை இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. உங்கள் பகுதியில் அரசு மேல்நிலைப் பள்ளி இருந்தால், வாசலைப் பார்த்துத் திரும்பாமல் உள்ளே போய் ஹெச்.எம்.மிடம் பேசுங்கள். பாட ஆசிரியர் இடம் எதுவும் காலியாக இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் இருக்கும் பெரிய சிக்கல் அதுதான், தகுதியில்லாத ஆசிரியர் இல்லை, ஆசிரியரே இல்லாத பாடம். இருக்கிறவர் நன்றாகவே நடத்துவார்.

தனியார் பள்ளியில் சிக்கல் நேர் எதிரானது. ஆள் இருப்பார், ஆனால் அடுத்த வருஷம் வேறு ஆள் இருப்பார். சம்பளம் அவ்வளவுதான் கொடுக்கிறார்கள், கல்யாணம் ஆகிப் போய்விடுகிறார்கள், பக்கத்துப் பள்ளியில் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆறிலிருந்து எட்டுக்குள் ஒரு பிள்ளை மூன்று நான்கு கணக்கு மிஸ்களைப் பார்த்துவிடுகிறது. ஒவ்வொருவரும் அவளுக்கு எழுத நேரமாகும் என்பதைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆகும், கண்டுபிடிக்கும்போது ஆள் மாறிவிடும். அதனால் நான் எல்லாப் பள்ளியிலும் கேட்ட முதல் கேள்வி: "போன வருஷம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் இந்த வருஷமும் இருக்கிறாரா?" இதற்கு உடனே பெயர் சொல்லிப் பதில் சொன்னவர்கள் உண்டு. பேச்சை மாற்றி ஸ்மார்ட் கிளாஸ் காட்டக் கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

இரண்டாவது கேள்வி, எட்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பத்தில் எத்தனை பிள்ளைகள்? நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ஒன்பதாம் வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு "டி.சி. வாங்கிக்கோங்க, வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்லும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. எங்கள் தெரு அக்கா ஒருவருடைய பையனுக்கு இது நடந்தது. நடுவில் ஒன்பதாம் வகுப்பில் இடம் தேடி அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பையன் இப்போது வேறொரு பள்ளியில் பத்து பாஸ் செய்துவிட்டான். எட்டில் நூற்றிருபது பேர் இருந்து பத்தில் எண்பது பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மீதி நாற்பது பேர் எங்கே என்று கேளுங்கள். நம் பிள்ளை அந்த நாற்பதில் ஒன்றாக ஆகிவிடக் கூடாது.

மூன்றாவது, பதினோராம் வகுப்பை முழுதாக நடத்துவார்களா? இது இப்போது முன்னைவிட முக்கியம். பதினொன்றை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்ததால்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிற பள்ளிகள் இருக்கும். நீட்டில் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருஷப் பாடமும் வரும், கல்லூரி முதல் வருஷத்தில் பதினொன்றின் அடிப்படை இல்லாமல் திணறுவார்கள். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, கேளுங்கள், அங்கேயே படிக்கிற பதினோராம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் இன்னும் நல்லது.

நுழைவுத் தேர்வு. நாங்கள் போன சில பள்ளிகளில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். ஒரு இடத்தில் அப்பா அம்மாவுக்கும் நேர்காணல், என்ன படித்திருக்கிறீர்கள், வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா என்று. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ இப்படிச் சோதிக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அதன் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். டொனேஷன் என்ற பெயரில் வாங்குவதும் அதே பிரிவில் தடை, வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். சட்டம் இருக்கிறது, நடைமுறை என்ன என்பது நமக்குத் தெரியும். பிள்ளைக்கு இடம் வேண்டும் என்ற நிலையில் யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் மெதுவாக எழுதுகிற பிள்ளையை இருபது நிமிஷத் தேர்வை வைத்து அளக்கிற பள்ளி, அடுத்த ஏழு வருஷமும் அவளை அப்படித்தான் அளக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த இடங்களை அன்றைக்கே விட்டுவிட்டோம். அவள் தேர்வு எழுதி முடிக்கவில்லை, அதற்காக நான் அவளை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தனியார் பள்ளிகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில், ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாக மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொகை நிர்ணயிக்கிறார்கள், குழுவின் இணையதளத்தில் பார்க்கலாம். பள்ளியில் சொல்கிற தொகையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேன், புத்தகம், சீருடை, 'ஆக்டிவிட்டி' எல்லாம் கூட்டி வருஷத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பிறகு அந்தத் தொகை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஏழு வருஷம் கட்ட முடியுமா என்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வீட்டுக்காரர் வேலை செய்வது ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில், ஆர்டர் இருக்கிற வருஷமும் உண்டு, இல்லாத வருஷமும் உண்டு. கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிற வீட்டில் அந்த அழுத்தம் கடைசியில் பிள்ளையின் ரேங்க் கார்டு மேல்தான் இறங்கும். முப்பது மார்க் குறைந்ததற்காக "உனக்காக எவ்வளவு கட்டுறோம் தெரியுமா" என்று கேட்கிற அம்மாவாக ஆக எனக்கு விருப்பம் இல்லை. 25 சதவீத ஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது, ஒன்பதில் இருந்து முழுக் கட்டணம் கேட்பார்கள். இப்போதே அதற்கு யோசித்து வையுங்கள்.

எய்டட் பள்ளிகளில் சேர்க்கப் போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் தமிழ் வழிப் பிரிவுக்குத்தான் அரசு உதவி, ஆங்கில வழிப் பிரிவு சுயநிதி. ஒரே வளாகம், ஒரே சீருடை, ஆனால் அங்கே கட்டணம் உண்டு, ஆசிரியருக்கு நிர்வாகம் சம்பளம் கொடுக்கும். எங்கள் ஊரில் பழைய எய்டட் பள்ளிகளுக்கு இருக்கிற பேர் பல தலைமுறை ஆசிரியர்கள் தேடிக் கொடுத்த பேர், அதில் சந்தேகமே இல்லை. உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் உட்காரப் போகிறாள், அங்கே யார் வருகிறார் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிப்பறையைப் பாருங்கள். இதை நான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஆறிலிருந்து எட்டுக்குள்தான் பெரும்பாலான பெண் குழந்தைகள் வயதுக்கு வருகிறார்கள், அந்த நேரத்தில் பள்ளியில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள கூடையோ எரிப்பானோ இருக்கிறதா என்பது எந்த போர்டு என்பதைவிடப் பெரிய விஷயம். காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் சாயந்திரம் வரை அடக்கிக்கொண்டு வந்து, சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்குகிற பிள்ளைகளை நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். சுற்றிக் காட்டும்போது யாரும் கழிப்பறையைக் காட்ட மாட்டார்கள். மகளுக்குப் போக வேண்டும் என்று சொல்லி நான் கூடவே போய்விடுவேன். மார்பிள் தரை போட்ட வரவேற்பறை இருந்த ஒரு பள்ளியில் பிள்ளைகளின் கழிப்பறையில் குழாய் உடைந்து கிடந்தது. ஒரு சாதாரணப் பெண்கள் பள்ளியில் ஆயாம்மா ஒருவர் அங்கேயே நின்று கழுவிக்கொண்டிருந்தார், உள்ளே வாளி, கப், சோப் எல்லாம் இருந்தது. அவரிடம் பேசினேன். "பாப்பாங்களுக்கு வயித்து வலின்னா என்கிட்டதான் வருவாங்கம்மா" என்றார். அந்தப் பள்ளியின் பெயர் எங்கள் பட்டியலில் அன்றைக்கு மேலே ஏறியது.

கட்டடப் பாதுகாப்பும் அப்படித்தான். 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகள் போனது இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் நடந்தது, இந்தப் பக்கத்து அம்மாக்கள் யாரும் அதை மறக்கவில்லை. கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்றிதழ் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இவற்றைத் தங்கள் இணையதளத்திலேயே பொதுமக்கள் பார்வைக்குப் போட வேண்டும் என்பது வாரியத்தின் விதி, ஆசிரியர் எண்ணிக்கையும் அதிலேயே இருக்கும். மற்றப் பள்ளிகளுக்கு மத்திய அரசின் யூடைஸ் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடினால் எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், கழிப்பறை, நூலகம் என்ற விவரங்கள் வரும். அது பள்ளியே கொடுத்த தகவல்தான், இருந்தாலும் நேரில் பார்த்ததோடு ஒப்பிட உதவும். மாடிப்படி அகலமாக இருக்கிறதா, வகுப்பறை ஜன்னலைத் திறக்க முடிகிறதா என்று பார்க்க எந்தத் தளமும் தேவையில்லை.

தூரத்தைப் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருப்பதே நல்லது. ஆறே முக்காலுக்கு வேன் ஏறி ஐந்தரைக்கு இறங்குகிற பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போதே தூங்கிவிடும். எவ்வளவு பெரிய பள்ளியாக இருந்தாலும் தூக்கத்தைத் திருப்பித் தராது.

பிள்ளையிடம் கேளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் "உனக்கு எந்த ஸ்கூல் புடிச்சிருக்கு" என்று கேட்டால் நீச்சல் குளம் இருக்கிற பள்ளியைத்தான் சொல்லும். அது குழந்தையின் தப்பு இல்லை, கேட்கும் விதம் வேறாக இருக்க வேண்டும். நான் அவளைக் கூட்டிப்போய், அங்கே படிக்கிற பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேச விட்டேன். எங்கே விட்டார்களோ அங்கே. சில பள்ளிகளில் பிள்ளைகளிடம் பேசக் கூடாது என்றார்கள், அதுவும் ஒரு பதில்தான். ஒரு இடத்தில் அவளாகவே ஆறாம் வகுப்பு அக்கா ஒருத்தியிடம் போய், "நோட்ஸ் எழுதி முடிக்கலன்னா என்ன பண்ணுவாங்க" என்று கேட்டாள். "மிஸ் போர்டை அழிக்க மாட்டாங்க, லஞ்ச்ல எழுதிக்கலாம்" என்றாள் அந்தப் பெண். இன்னொரு இடத்தில் இதே கேள்விக்கு "வெளிய நிக்க வெப்பாங்க" என்று பதில் வந்தது. ஐம்பது பக்கப் பிராஸ்பெக்டஸில் கிடைக்காத தகவல் இது. நூலகத்தில் இருந்து புத்தகம் வீட்டுக்குக் கொடுப்பார்களா என்று கேட்பதும் அவளாகச் சேர்த்துக்கொண்ட கேள்வி. பல இடங்களில் நூலகம் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

எழுதுவதிலும் படிப்பதிலும் ரொம்பவே சிரமப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதைச் சோம்பல் என்று விட்டுவிடாமல் ஆறாம் வகுப்புக்கு முன்னாலேயே அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். டிஸ்லெக்சியா என்று சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பில் வந்து சான்று தேடினால் அலைச்சல். என் மகளுக்கு அது இல்லை என்றார் மருத்துவர், வேகம் தானாக வரும் என்றார். பள்ளியில் இதைச் சொல்லும்போது ஹெச்.எம்.மின் முகத்தைப் பாருங்கள். "எங்க ரிசல்ட் பாதிக்கும்" என்ற கவலை தெரிகிறதா, "யாரிடம் உட்கார வைக்கலாம்" என்ற யோசனை தெரிகிறதா என்று புரிந்துவிடும்.

நாங்கள் கடைசியில் சேர்த்தது, அந்த ஆயாம்மா இருக்கும் பெண்கள் பள்ளியில்தான். எய்டட், தமிழ் வழிப் பிரிவு, சைக்கிளில் போகிற தூரம். அறிவியல் ஆய்வகம் பழையது. கூடைப்பந்து மைதானம் உண்டு, நீச்சல் குளம் இல்லை. தமிழ் வழியா என்று சொந்தத்தில் பலர் கேட்டார்கள், அத்தைகூட முகம் வாடினார். அவள் கேட்டுப் புரிந்துகொள்கிற பிள்ளை, புரிகிற மொழியில் கேட்கட்டும். ஆங்கிலத்துக்கு வீட்டில் தனியாக வாசிக்க வைக்கிறோம், அது எங்கள் பொறுப்பு. 7.5 சதவீதம் கிடையாது என்று தெரிந்துதான் சேர்த்தோம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதலாம், தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் உதவித்தொகை. அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அது. பதினொன்றில் அங்கே வணிகவியல் குரூப் இருக்கிறது, கணினி அறிவியல் இருக்கிறது, உயிரியல் இல்லை. அவள் உயிரியல் கேட்டால் அப்போது மாற வேண்டியிருக்கும், அதையும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் டி.சி. வாங்கும்போது பெயர், பிறந்த தேதி, தாய்மொழி, சாதி எல்லாம் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிடுங்கள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை அதே பெயர்தான் போகும். இ.எம்.ஐ.எஸ். எண்ணை, அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள், பழைய பள்ளி அதைத் தங்கள் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் புதுப் பள்ளியில் ஏற்ற முடியும். டி.சி. தர இழுத்தடித்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைச் சொல்லுங்கள், அது தாமதமாகிறது என்பதற்காகப் புதுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. அதற்கும் அசையாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.